பை மட்டும் பத்திரமாக வந்து சேர்ந்தது

மரியாதைக்குரிய சம்பந்தியம்மாள் அவர்களுக்கு,

தங்கள் அன்பை மறவாத சம்பந்தி வணக்கத்தோடு எழுதிக்கொள்வது. இங்கே நானும் எங்கள் வீட்டுக்காரரும், உங்கள் மகனும் மருமகளும் சௌக்கியமாக இருக்கிறோம். அங்கே சம்பந்தி அவர்களின் முட்டிவலியும் தங்களுடைய சர்க்கரையும் கட்டுக்குள் இருக்கும் என்று நம்புகிறேன். சர்க்கரையைப் பற்றி இதற்கு மேல் ஒரு வார்த்தை எழுத மாட்டேன்.

பிள்ளைகள் வாங்கியிருக்கும் வீடு சின்னதுதான் என்றாலும் நல்ல காற்றோட்டம். சமையலறை ஜன்னலைத் திறந்தால் கொல்லைப்புறம் முழுதும் தெரிகிறது. அங்கே ஒரு புல் பூண்டு கிடையாது. நடுவில் மாப்பிள்ளை வெட்டி வைத்த குழி மட்டும் இருக்கிறது. அந்தக் குழியைப் பற்றிப் பிறகு எழுதுகிறேன்.

தாங்கள் எங்களை நம்பிக் கொடுத்தனுப்பிய பை பத்திரமாக வந்து சேர்ந்தது. இதை முதலில் சொல்லிவிடுகிறேன். கெட்டியான துணி, பிடி இரண்டும் அப்படியே இருக்கின்றன, ஒரு கிழிசல் கிடையாது, நீங்கள் சொன்னபடி மாப்பிள்ளை கையிலேயே கொடுத்தும் விட்டேன். இந்த இடத்தில் கையெழுத்துப் போட்டு முடித்திருந்தால் நமக்குள் ஒரு மனத்தாங்கலும் வராது. ஆனால் பை என்று நான் சொல்வது பையைத்தான். அதற்குள் இருந்ததைப் பற்றி எழுதத்தான் இத்தனை தாளை எடுத்துவைத்துக்கொண்டு சமையலறை மேஜையில் உட்கார்ந்திருக்கிறேன். உங்கள் மகன், "அம்மாகிட்ட நானே பக்குவமா சொல்லிக்கறேன் அத்தை, நீங்க விடுங்க" என்று சொன்னார். சுமந்து வந்தவள் நான், அவர் எப்படிச் சொல்ல முடியும்? அதனால் தாங்கள் உட்கார்ந்துகொண்டு, பக்கத்தில் ஒரு டம்ளர் தண்ணீர் வைத்துக்கொண்டு படிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

நாங்கள் கிளம்பும்போது டாக்ஸி வாசலில் நின்றதும், நீங்கள் அந்தப் பையோடு வந்ததும் நினைவிருக்கும். வாயைச் சாக்கு ஊசியால் தைத்து, மேலே ஒரு தையல், அதற்கு மேலே இன்னொரு தையல் போட்டிருந்தீர்கள். "படுக்க வைக்காதீங்க, நிமிர்த்தியே வைங்க, என் பையன் கையில குடுங்க" என்றீர்கள். உள்ளே என்ன என்று நீங்களும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. கேட்காததற்குக் காரணம் உண்டு. கல்யாண வரவேற்பில் தாங்கள் இனிப்புத் தட்டில் கை வைத்தபோது, சர்க்கரை எவ்வளவு இருக்கு, மாத்திரை போட்டாச்சா என்று நான் கேட்டேன். ஆஸ்பத்திரியில் ஹெட் நர்ஸாக இருந்த வாய், அது பாட்டுக்குக் கேட்டுவிடும். கேட்டதில் தப்பில்லை, பக்கத்தில் மைக் இருந்ததுதான் தப்பு. அன்றிலிருந்து நாம் போனில் பேசினால் வெயில் எப்படி, மழை எப்படி என்பதோடு சரி. அப்படி இருந்த நீங்கள் முதல் முறையாக என்னை நம்பி ஒரு பொருளைக் கொடுக்கிறீர்கள், அதைப் போய் என்ன ஏது என்று குடைவேனா? கல்யாணத்தில் பட்டது போதும் என்று வாயை மூடிக்கொண்டு வாங்கினேன். நான் வாயை மூடிக்கொண்டால் இப்படித்தான் ஆகும் என்று இவர் சொல்கிறார்.

விமானம் மேலே ஏறிக் கொஞ்ச நேரத்தில் வாசனை வர ஆரம்பித்தது. முன் சீட்டுக்காரர் போட்டிருக்கும் சென்ட்தான் என்று முதலில் நினைத்தேன். பழுத்த கொய்யாவை எத்தனை தையல் போட்டாலும் அடைத்து வைக்க முடியாது என்பது போகப் போகத்தான் தெரிந்தது. சுற்றி இருந்தவர்கள் ஒவ்வொருவராக மூக்கைத் தூக்கிப் பார்த்தார்கள். பின்னால் ஒரு குழந்தை என்னவோ வேண்டும் என்று அடம்பிடித்து அழுதது, அதன் அம்மா சீட்டுக்கு அடியில் குனிந்து குனிந்து தேடினாள். இவர் பையைக் கண்ணாலேயே காட்டி, "உள்ள என்னதான் வச்சிருக்காங்க?" என்று கேட்டார். தெரியாது என்றேன். "தெரியாம எப்படி வாங்கினே?" என்றார். சம்பந்தி கொடுத்தால் வாங்காமல் இருக்க முடியுமா என்று கேட்டேன்.

இறங்குவதற்கு முன்னால் விமானப் பணிப்பெண் ஒரு அட்டையைக் கொண்டுவந்து கொடுத்தாள். குடும்பத்துக்கு ஒன்று. செடி, பழம், விதை, மண், தேன், முட்டை, இறைச்சி என்று படத்தோடு போட்டு, இதெல்லாம் கொண்டுவருகிறீர்களா, ஆமாம் இல்லை என்று கட்டம் போட்டிருந்தது. இவர் சொன்ன யோசனை, எல்லாத்துக்கும் இல்லை என்று போடு, பையை நாம் கட்டவில்லை, கேட்டால் தெரியாது என்று சொல்லிக்கொள்ளலாம் என்பது. சம்பந்தியம்மா, நான் வேலை பார்த்த காலமெல்லாம் தொற்றுநோய் வார்டு வாசலில் நின்று பார்வையாளர் பையைப் பிரித்துப் பார்த்தவள். முதுகுக்குப் பின்னால் எனக்கு வைத்த பேரே பை போலீஸ். "ஒண்ணுமில்ல சிஸ்டர், மாத்துத் துணிதான்" என்று சொன்ன ஒவ்வொரு பையிலும் துணிக்கு அடியில் ஏதாவது ஒன்று ஒளிந்துகொண்டு என்னைப் பார்த்துச் சிரிக்கும். "எனக்குத் தெரியாது சிஸ்டர், வீட்ல கட்டிக் குடுத்தாங்க" என்ற பதிலைக் கேட்டுக் கேட்டு என் காது புளித்துப்போயிருக்கிறது. அந்தப் பதிலை நானே ஒருத்தர் முன்னால் போய்ச் சொல்வதா? பேனாவை வாங்கி எல்லாக் கட்டத்துக்கும் ஆமாம் என்று டிக் போட்டேன். செடி ஆமாம், மண் ஆமாம், முட்டை ஆமாம், சமீபத்தில் மாடு தொட்டதுண்டா ஆமாம். இவர் எட்டிப் பார்த்துவிட்டு, "ஆயுதம்னு ஒண்ணு இருக்கு, அதுக்கும் போட்டிருக்கியே" என்றார். சாக்கு ஊசியை உள்ளேயே விட்டுத் தைத்திருந்தால் என்ன செய்வது என்றேன். அப்புறம் அவர் இறங்கும் வரை ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

இறங்கி, பாஸ்போர்ட்டில் முத்திரை வாங்கி, பெட்டிகளை எடுத்து டிராலியில் அடுக்கிக்கொண்டு ஒரு பெரிய ஹாலுக்கு வந்தோம். உங்க பையை மட்டும் நான் டிராலியில வைக்கல, குழந்தையை ஏந்திக்கிட்டு வர்ற மாதிரி நெஞ்சோட அணைச்சுக்கிட்டு வந்தேன். அங்க ஒரு நாய் வந்தது. தொங்கின காது, பழுப்பும் வெள்ளையுமா நிறம், முதுகுல பச்சைச் சட்டை, ஆபீசுக்கு நேரமான மாதிரி விறுவிறுன்னு ஒவ்வொரு பெட்டியா மோந்துக்கிட்டு வந்தது. இங்க ஒரு விஷயம் சொல்லணும். எங்க வீட்டுக்காரர் மின்சார ஆபீசுல மீட்டர் ரீடிங் எடுத்தவர். இவர் கேட்டைத் திறக்கிற சத்தம் கேட்டாலே அந்த வட்டாரத்து நாயெல்லாம் தூக்கத்துல இருந்து எழுந்து வரும். ரிட்டயர் ஆகியும் நாயைக் கண்டா இவருக்குக் கால் ஓடாது. அந்த நாய் நேரா வந்து, மத்தவங்களை எல்லாம் விட்டுட்டு, இவர் காலடியில வந்து ஒழுங்கா உட்கார்ந்து இவர் முகத்தையே அண்ணாந்து பார்த்தது. இவர் ரெண்டு கையையும் மேல தூக்கிட்டார். வாய் தன்னால, "மீட்டர், மீட்டர் பார்க்கத்தான் வந்தேன்" னு சொல்லுது. நாயைக் கூட்டிட்டு வந்த ஆள் அதுக்கு ஒரு பிஸ்கட் குடுத்துட்டு, இவர் சட்டைப் பாக்கெட்டைக் காட்டினார். பாக்கெட்டுல என்ன இருந்ததுங்கறீங்க, விமானத்துல காலையில சாப்பாட்டோட குடுத்த அவிச்ச முட்டை. அப்புறம் பசிச்சா இருக்கட்டும்னு கைக்குட்டையில சுத்தி வச்சிருக்கார். என்கிட்டகூட சொல்லல. முட்டையை அந்த ஆள் வாங்கிக்கிட்டார். நாய் அடுத்து என் பக்கம் வந்து, உங்க பையை ஒரு தடவை மோந்து பார்த்துட்டு, என் காலடியிலயும் உட்கார்ந்தது. அதுக்கு இன்னொரு பிஸ்கட்.

எங்களை ஒரு ஓரமா இருந்த எஃகு மேஜைக்குக் கூட்டிட்டுப் போனாங்க. அங்க ஒரு ஆபீசர் அம்மா, நல்ல உயரம், கண்ணாடியைக் கயித்துல கட்டிக் கழுத்துல தொங்க விட்டிருந்தாங்க, கையில ரப்பர் உறை. உறையை அவங்க இழுத்துப் போட்ட விதத்தைப் பார்த்ததுமே எனக்கு இவங்க வேலை தெரிஞ்சவங்கன்னு புரிஞ்சுபோச்சு. அட்டையைப் பார்த்தாங்க, என்னைப் பார்த்தாங்க, மறுபடி அட்டையைப் பார்த்தாங்க. அவங்க பேசற வேகம் எனக்குப் பிடிபடல. அதனால மேஜை மேல இருந்த போனை அழுத்தி ஸ்பீக்கர்ல போட்டு யாரையோ கூப்பிட்டாங்க. போன்ல ஒரு ஆண் குரல், "வணக்கம் அம்மையீர், நான் தங்களுக்கான மொழிபெயர்ப்பாளன், தாங்கள் உரைப்பதை உள்ளது உள்ளவாறே பெயர்த்துரைப்பேன்" னு ஆரம்பிச்சது. இவர் போனைப் பார்த்துக் கும்பிட்டார்.

இப்பையைத் தாங்களே கட்டினீர்களா என்று முதல் கேள்வி. இல்லை, சம்பந்தியம்மா கட்டினதுன்னு சொன்னேன். போன்ல இருந்தவர் கொஞ்சம் திணறினார். சம்பந்திங்கிறதுக்கு இவங்க பாஷையில வார்த்தையே கிடையாதாம், மகளின் கணவருடைய தாயார்னு சுத்தி வளைச்சுத்தான் சொல்லணுமாம். அதைச் சொன்னதும் அந்த ஆபீசர் அம்மா பேனாவைக் கீழ வச்சுட்டு ஒரு கேள்வி கேட்டாங்க. பையைக் கட்டினவரை உங்களுக்கு எவ்வளவு நல்லாத் தெரியும்?

சம்பந்தியம்மா, அந்தக் கேள்வியைக் கேட்டதும் வெயில் எப்படி, மழை எப்படின்னு பேசிக்கிட்ட நம்ம ரெண்டு பேரும் ஞாபகத்துக்கு வந்தோம். உங்களுக்கு என்ன நிறம் பிடிக்கும்னு கேட்டாக்கூட எனக்குத் தெரியாது. இவர் வேற முழங்கையால இடிக்கிறார், தெரியாதுன்னு சொல்லிடுன்னு. நான் போன் பக்கம் குனிஞ்சு சொன்னேன், "என் பொண்ணையே அவங்க வீட்டுக்குக் குடுத்திருக்கேன். இதுக்கு மேல என்ன தெரியணும்னு கேளுங்க."

அவர் அதை எப்படிச் சொன்னாரோ, அந்தம்மா தலையை ஆட்டிட்டு, கத்தரியை எடுத்தாங்க. உங்க தையல் லேசுல விடல. ஒரு கத்தரி வேலைக்கு ஆகாம இன்னொண்ணு வரவழைச்சாங்க.

முதல்ல வந்தது மிளகாய்ப்பொடி. வறுத்து அரைச்சதுன்னு சொன்னதும் மோந்து பார்த்துட்டு, தும்மிட்டு, இது போகலாம்னு ஓரமா வச்சாங்க. அடுத்தது விதைப் பொட்டலங்கள். தக்காளி, பூசணி, கத்தரின்னு ஒவ்வொண்ணு மேலயும் நீங்க சிவப்பு மையில, கணக்கு டீச்சர் நோட்டைத் திருத்தற எழுத்துல எழுதியிருந்தீங்க. கீழ, தண்ணீர் அளவாக ஊற்றவும், அளவாக என்பதைக் கவனிக்கவும்னு அடிக்கோடு வேற. அதை நான் போன்ல படிச்சுக் காட்ட, மொழிபெயர்ப்பாளர் எடுத்துச் சொன்னார். அந்த ஆபீசர் அம்மாவுக்குச் சிரிப்பு வந்திடுச்சு, ஆனா பொட்டலத்தை விடல, விதைக்கு அனுமதி கிடையாதாம். அப்புறம் குட்டித் தேன் பாட்டில், அதுவும் போச்சு. வெளியூர்த் தேன்ல இந்த ஊர்த் தேனீக்கு நோய் வந்துடுமோன்னு பயமாம். அடுத்தது பேப்பர்ல சுத்தின கொய்யாப்பழம். பேப்பரைப் பிரிச்ச உடனே வாசனை ஹால் பூரா போச்சு. அடுத்த மேஜைக்காரங்ககூடத் திரும்பிப் பார்த்தாங்க. கொய்யான்னு நான் சொன்னதும் போன்ல, "செங்காயா, பழமாம்மா? உள்ள வெள்ளையா, செவப்பா?" னு கேள்வி வந்தது. எனக்கு ஆச்சரியம், இதையெல்லாம்கூட ஆபீசர் கேக்கிறாங்களான்னு கேட்டேன். "இல்லைம்மா, நான்தான் கேட்டேன்" னார் அவர். அதோட அவரோட அம்மையீர் எல்லாம் போயிடுச்சு. செவப்புன்னு சொன்னேன். ஒரு பெருமூச்சு விட்டார், அதையும் பெயர்த்துரைச்சாரான்னு தெரியல.

பழம் போனதுல எனக்கு அவ்வளவு வருத்தமில்ல. அதுக்கு அடியில ஒரு நீள டப்பா, மூடியில ஓட்டை போட்டு, உள்ள நிமிர்த்தி வச்சிருந்த கன்று. அதைப் பார்த்த அப்புறம்தான் படுக்க வைக்காதீங்கன்னு நீங்க ஏன் சொன்னீங்கன்னு எனக்கு உறைச்சது. உங்க கொய்யா மரத்துலயே பதியன் போட்டு, கிளையில பட்டையைச் சுத்தி எடுத்து, நார் வச்சுக் கட்டி, வேர் விட்டதும் வெட்டி எடுத்திருக்கீங்க. அந்தம்மா மெதுவாத்தான் பிரிச்சாங்க. ஈர நாருக்குள்ள வேர் வெள்ளை வெளேர்னு நூல் நூலா ஓடியிருந்தது. சம்பந்தியம்மா, நான் எத்தனையோ காயத்துக்குக் கட்டுப் போட்டிருக்கேன். இவ்வளவு நறுவிசா ஒரு கட்டு நான் போட்டதில்ல, என்கிட்ட பயிற்சிக்கு வந்த பொண்ணுங்க போட்டும் பார்த்ததில்ல. இதை முகஸ்துதிக்குச் சொல்லல. அந்த இடத்துல நான் உங்களை ஆஸ்பத்திரியில வேலைக்கே எடுத்திருப்பேன்.

டப்பாவுக்குப் பக்கத்துல நூல் போட்டுக் கட்டின சின்ன கவர். அதுல மண். அந்தம்மா முகம் மாறினது அதைப் பார்த்துத்தான். செடியையாவது புரிஞ்சுக்கலாம், பழத்தைப் புரிஞ்சுக்கலாம், மண்ணை எதுக்குக் கொண்டுவரணும், இந்த ஊர்ல மண் இல்லையான்னு கேட்டாங்க. நீங்க எதுக்கு வச்சீங்கன்னு எனக்கு எப்படித் தெரியும்? ஆனா கேக்கும்போதே எனக்குத் தெரிஞ்சுபோச்சு. "புது எடத்துல செடிக்கு ஏக்கம் வந்துடக் கூடாதுன்னு வச்சிருப்பாங்க" ன்னு சொன்னேன். போன்ல லைன் கட்டாயிடுச்சோன்னு இவர் தட்டிக்கூடப் பார்த்தார். அப்புறம் அந்த மொழிபெயர்ப்பாளர் மெதுவா எடுத்துச் சொன்னார். அவர் இந்த ஊருக்கு வந்து எத்தனை வருஷமோ. அந்தம்மா அந்தக் கவரை மத்ததோட போடாம, தனியா ஒரு பையில வச்சு, வாயை ஒட்டினாங்க. எரிக்கறதுதான் எப்படியும். ஆனா வச்ச விதம்னு ஒண்ணு இருக்கு இல்லையா.

இனிமேல்தான் தாங்கள் தண்ணீர் குடித்துக்கொள்ள வேண்டிய இடம். கன்றோட இலையைத் திருப்பிப் பார்த்த அந்தம்மா அப்படியே நின்னுட்டாங்க. கண்ணாடியைப் போட்டுக்கிட்டாங்க. அப்புறம் ஒரு லென்ஸ். அப்புறம் உள்ள இருந்து ஒருத்தரைக் கூப்பிட்டாங்க, அவர் வந்து பார்த்துட்டு இன்னொருத்தரைக் கூப்பிட்டார். இலைக்கு அடியில பஞ்சு மாதிரி வெள்ளையா மாவுப்பூச்சி. மூணு பேரும் தலையோட தலை முட்டிக்கிட்டுப் பார்க்கிறாங்க, முகத்துல அப்படி ஒரு பரவசம். போன்ல, "அம்மா, இவங்க ரொம்ப சந்தோஷமா இருக்காங்க" ன்னு சொன்னார். எதுக்குன்னு கேட்டேன். "உங்க சம்பந்தி வீட்டுப் பூச்சியைப் பார்த்து. இந்த ஜாதி இவங்க ஊருக்குள்ள இன்னும் வரலையாம். அவங்க படத்துலதான் பார்த்திருக்காங்களாம்." ஒரு சின்னக் குப்பியில ஏதோ மருந்தை ஊத்தி, பூச்சியை ஊசி முனையால எடுத்து உள்ள போட்டு, வெளிய சீட்டு ஒட்டினாங்க. செடிக்கு விசா கிடைக்கல, பூச்சிக்கு நிரந்தரமா தங்க இடம் கிடைச்சிடுச்சு.

இதைத் தாங்கள் தங்கள் பராமரிப்பைக் குறை சொல்வதாக எடுத்துக்கொள்ளக் கூடாது. ஆஸ்பத்திரியில எத்தனை சுத்தமான குடும்பத்துக் குழந்தை தலையில பேன் எடுத்திருக்கேன், அதுக்காக அம்மாவை ஒரு வார்த்தை சொன்னது கிடையாது. ஆனா அந்தப் பூச்சி மட்டும் தப்பிச்சு இங்க கொல்லைப்புறத்துக்கு வந்திருந்தா, மொதல்ல பக்கத்து வீட்டு மரம், அப்புறம் அடுத்த தெரு, அப்புறம் இவங்க ஊர்ப் பழத்தோட்டமெல்லாம்னு போயிருக்குமாம். எனக்கு வேற விளக்கம் தேவைப்படல. ஒரு காய்ச்சல்காரர் ஒரு வார்டையே படுக்க வச்சதை நான் பார்த்திருக்கேன். வாசல்ல நிக்கறவங்க முகத்தைப் பார்த்து இரக்கப்பட்டா உள்ள இருக்கறவங்க கதி என்ன? அதனால அந்தம்மா, மன்னிக்கணும், செடியை விட முடியாதுன்னு சொன்னப்ப, நான் இருந்தாலும் இதையேதான் செய்வேன்னு சொல்லச் சொன்னேன். நர்ஸ் வேலை பார்த்தேன், இதே மாதிரி பையைப் பிரிச்சேன்னும் சொன்னேன். அவ்வளவுதான், அந்தம்மா முகமே மலர்ந்துபோச்சு, எனக்கு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டாங்க. குழந்தையோட போர்வைக்குள்ள இறைச்சியைச் சுத்திக் கொண்டுவந்த ஆளைப் பத்தி அவங்க சொன்னாங்க. கை உடைஞ்ச மாதிரி மாவுக்கட்டுப் போட்டுக்கிட்டு அதுக்குள்ள வறுத்த மீன் வச்சுக் கொண்டுவந்த மருமகனைப் பத்தி நான் சொன்னேன். மொழிபெயர்ப்பாளர் சிரிப்பை அடக்கிக்கிட்டு மொழிபெயர்த்தார். பின்னால வரிசை நீண்டுக்கிட்டே போச்சு. எனக்கு ரிட்டயர் ஆனதுக்கு அப்புறம் இவ்வளவு நிம்மதியா ஒருத்தரோட வேலையைப் பத்திப் பேசின ஞாபகமே இல்ல.

இவரோட முட்டை விவகாரம் அப்படியே நின்னுது. சொல்லாம கொண்டுவந்தா அபராதம்னு பெரிய எழுத்துல போர்டு போட்டிருந்தது, இவர் அதையே பார்த்துக்கிட்டு வேர்த்து நின்னார். ஆபீசர் அம்மா அட்டையை எடுத்து, முட்டைங்கிற கட்டத்துல நான் ஆமாம்னு போட்டதைக் காட்டி, இவங்கதான் சொல்லிட்டாங்களே, அப்புறம் என்ன அபராதம்னு விட்டுட்டாங்க. அன்னைலருந்து இந்த வீட்ல இவர் என் பேச்சுக்கு மறுபேச்சு பேசறதில்ல. ஆயுதத்துக்கு மட்டும் என்ன கதைன்னு கேட்டாங்க. சாக்கு ஊசியைச் சொன்னேன். பையை உதறிப் பார்த்தோம், இல்ல.

வெளிய வந்தப்ப உங்க மகனும் மருமகளும் காத்துக் காத்துக் கால் கடுத்துப்போய் நின்னாங்க. பையை மாப்பிள்ளை கையில குடுத்தேன். உள்ள மிளகாய்ப்பொடி மட்டும் இருந்தது. நடந்ததைச் சொன்னேன். உங்க மருமக, ஏம்மா எல்லாத்துக்கும் டிக் போட்டேன்னு நடுவழியில என்னைப் பிடிச்சுக்கிட்டா. மாப்பிள்ளை கார் கிட்ட வந்ததும் பையை விரிச்சு, முகத்தை அதுக்குள்ள வச்சுக்கிட்டு கொஞ்ச நேரம் நின்னார். கொய்யா வாசனை இன்னும் போகல. நிமிர்ந்து, "மண்ணுகூடவா அத்தை குடுத்தாங்க?" னு கேட்டார். ஆமாம்னேன். சிரிச்சார். கண்ணு கலங்கின மாதிரியும் இருந்தது, ஆனா மிளகாய்ப்பொடியும் உள்ளேதான் இருந்தது, அதனால நான் நிச்சயமாச் சொல்ல மாட்டேன். வீட்டுக்கு வந்த பிறகுதான் கொல்லைப்புறத்துக் குழியைப் பார்த்தேன். அம்மா கன்று அனுப்பறாங்கன்னு முன்னமேயே வெட்டி, எருவெல்லாம் போட்டுத் தயாரா வச்சிருந்தாராம். காலையில காப்பியைக் கையில வச்சுக்கிட்டு அந்தக் குழி பக்கத்துல போய் நிக்கறார். பார்க்க எனக்கு மனசு கேக்கல.

அதனால் தங்களிடம் ஒரு வேண்டுகோள். தாங்கள் தயவுசெய்து இன்னொரு பதியன் போட ஆரம்பிக்க வேண்டும். அந்த ஆபீசர் அம்மாவிடம் முறை என்ன என்று விவரமாகக் கேட்டுக்கொண்டேன். முதலில் உங்கள் மகன் இங்கே அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும். பிறகு அங்கே விவசாய ஆபீசில் செடியைக் காட்டி, நோய் நொடி இல்லை என்று சான்றிதழ் வாங்க வேண்டும். வேரை ஒரு துகள் மண் இல்லாமல் கழுவ வேண்டும். வந்த பிறகும் கொஞ்ச காலம் தனி வார்டில், அதாவது கண்ணாடிக் கூண்டில், வைத்துப் பார்த்துத்தான் விடுவார்கள். நான் ஊருக்கு வந்ததும் உங்கள் வீட்டுக்கு வருகிறேன், இலை இலையாக நானே பார்த்துத் துடைக்கிறேன், பூச்சிக்கு மருந்தும் அடித்துவிடுவோம். பையைத் தைக்கும் முன்னால் உள்ளே என்ன என்று நீங்கள் ஒரு வார்த்தை சொல்லுங்கள், நானும் வாய் திறந்து கேட்கிறேன். எத்தனை காலம்தான் வெயிலையும் மழையையும் பற்றியே பேசிக்கொண்டிருப்பது. அந்த மண்ணை மட்டும் இனிமேல் வைக்க வேண்டாம். ஏக்கம் வந்தால் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.

சம்பந்தி அவர்களுக்கு எங்கள் இருவரின் வணக்கத்தைச் சொல்லவும். தங்கள் மகன் மருமகள் நீண்ட ஆயுளோடும், தங்கள் மரம் நிறையக் காய்களோடும், பூச்சி இல்லாமலும் இருக்க வேண்டிக்கொள்கிறேன். எழுதியதில் மனம் நோகும்படி ஏதாவது இருந்தால், அது நர்ஸ் எழுதியது, சம்பந்தி எழுதியது அல்ல என்று பொறுத்துக்கொள்ளவும்.

இப்படிக்கு,
தங்கள் மருமகளின் அம்மா

பின்குறிப்பு: உறை ஒட்டப் போகும் சமயத்தில்தான் உங்கள் மகன் பக்குவமாகச் சொன்னது என்ன என்று தெரிய வந்தது. கன்று வாடாமல் வந்து சேர்ந்தது, குழியில் வைத்தாயிற்று, புது இலை விட்டதும் போனில் காட்டுகிறேன் என்று உங்களிடம் சொல்லிவிட்டாராமே. சொன்ன பிறகு பயம் வந்து, இன்று இங்கே உள்ள நர்சரியில் அதே உயரத்தில் ஒரு கொய்யாக் கன்றை வாங்கி வந்து நட்டுவிட்டார். உங்கள் மருமகள் கத்தரிக்கோலை வைத்துக்கொண்டு பதியன் கன்று மாதிரி தெரிய இலையைக் குறைத்துக்கொண்டிருக்கிறாள். உங்கள் மனசு நோகக் கூடாது என்றுதான் பிள்ளைகள் இந்தப் பாடு படுகிறார்கள், நான் என்ன சொல்வது. ஆகையால் மேலே எழுதியிருக்கும் எதையும் தாங்கள் படிக்கவில்லை. பதியன், சான்றிதழ், கண்ணாடிக் கூண்டு எதுவும் வேண்டாம், குழி நிறைந்துவிட்டது. போனில் காட்டும்போது, கொஞ்சம் இளைச்சிருக்கே என்று ஒரு வார்த்தை மட்டும் சொல்லுங்கள், அப்போதுதான் நம்பின மாதிரி இருக்கும். இந்தக் கடிதத்தைக் கிழித்துப் போடச் சொல்லி உங்கள் மருமகள் உத்தரவு. கிழித்துவிட்டேன் என்று அவளிடம் சொல்லியாயிற்று. மாப்பிள்ளை என்னைக் கொல்லைப்புறத்துக்குக் கூட்டிக்கொண்டு போய்க் கன்றைக் காட்டி, எப்படி இருக்கு அத்தை என்று கேட்டார். அப்படியே உங்கம்மா சாயல் என்று சொல்லிவிட்டேன்.